மனம் காயப்பட்டவரின் வீட்டைச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நகரிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் வீடு சுத்தம் செய்து கொடுக்கும் சிறு குழு எங்களுடையது. சாவு, விபத்து, வன்முறை, நீண்ட நோய் என ஏதோ ஒன்றால் மனம் காயப்பட்டு, சொந்த வீட்டையே தொட முடியாமல் போனவர்களிடம்தான் இப்போது பெரும்பாலும் போகிறோம். தொலைபேசியை எடுப்பவள் நான். அழைப்பவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே அவற்றை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்னார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

கூட்டிப் பெருக்கித் துடைக்கிறதுதானே? இதுல என்னங்க தனி வகை?

விளக்குமாறும் வாளியும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். யார் சொல்லி வேலை நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. எதை எடுப்பது, எதை விடுவது, எந்தக் கதவைத் திறப்பது, எப்போது நிறுத்துவது என எல்லாவற்றையும் அந்த வீட்டில் வாழ்பவரே சொல்ல வேண்டும். பணம் கொடுக்கும் அண்ணனோ வெளிநாட்டிலிருந்து அழைக்கும் மகளோ அல்ல.

தாங்க முடியாத ஒன்று நடந்தபோது அவரை யாரும் கேட்கவில்லை. எல்லாம் அவர் கையை மீறி நடந்து முடிந்தது. அவர் வீட்டுக்குள்ளேயே மறுபடியும் அவரைக் கேட்காமல் ஒரு மூட்டையை வெளியேற்றினால், அது எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டாலும் அவருக்குப் பழைய அனுபவம் திரும்ப வந்ததுபோலவே இருக்கும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

நல்லாப் படிச்ச பிள்ளை, நல்ல வேலை. ஆனா வீடு கெடக்குற கெடப்பைப் பார்த்தா சோம்பேறித்தனம்னுதானே சொல்லத் தோணுது?

தோன்றும். ஆனால் நான் பார்த்தவரையில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறு. கடும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு நடந்தது மீண்டும் கண்முன்னே நடப்பதுபோல் இருக்கும். அதை நினைவூட்டும் எதையும் அண்டாமல் விலகுவார்கள். ஆபத்து இன்னும் தீரவில்லை என்பதுபோல் உடம்பு எப்போதும் விழித்தே இருக்கும். இவற்றில் அந்த விலகலைத்தான் வீடுகளில் நாங்கள் கண்ணால் காண்கிறோம். கணவர் விழுந்து இறந்த அடுப்படிக்குள் நுழைய முடியாத பெண், முன்னறையில் ஒரு மின்சார அடுப்பை வைத்துச் சமைக்கத் தொடங்குகிறார். ஆறு மாதத்தில் முன்னறை முழுக்கப் பாத்திரமாகிறது. மூடிக் கிடக்கும் அடுப்படியில் எலி குடியேறுகிறது. உறக்கமில்லாத இரவுகளும் மனச்சோர்வும் சேர்ந்தால் ஒரு தட்டைக் கழுவ எழுந்து நிற்பதே பெரும்பாடு.

பொருளைச் சேர்த்துக்கொண்டே போய், எதையும் விட முடியாமல் தவிப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு அதைத் தனி மனநலக் குறைபாடாகச் சேர்த்தது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது தனியாகவே இருக்கிறது. சிகிச்சை தேவைப்படுகிற ஒன்றைத் திட்டித் தீர்க்க முடியாது.

என்ன நடந்துச்சுன்னு எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லணுமா?

வேண்டாம். நாங்கள் கேட்கவும் மாட்டோம். நாங்கள் கேட்பவை வேறு: எந்த வாசனை ஆகாது, எந்தச் சத்தம் ஆகாது, எந்த அறை பூட்டியே இருக்க வேண்டும், வாசல் கதவு திறந்திருந்தால் நிம்மதியா, மூடியிருந்தால் நிம்மதியா, வேலை நடக்கும்போது கூடவே இருப்பாரா, வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பாரா. பின்பக்கமாக யாரேனும் வந்து நின்றால் திடுக்கிடுவார் என்றால், ஒவ்வொரு முறையும் குரல் கொடுத்துவிட்டே அறைக்குள் நுழைவோம். ‘நிறுத்துங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வராதவர்கள் உண்டு. அவர்கள் ஒரு துண்டை எடுத்துக் கதவில் போட்டால் போதும், அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுவோம்.

எப்படிக் கூப்பிடலாம் என்றும் கேட்கிறோம். நம் பக்கத்தில் வயதில் மூத்தவர் யாரைப் பார்த்தாலும் அம்மா, அய்யா என்றுதான் வாய் தானாகச் சொல்லும். ஒரே மகனைப் பறிகொடுத்த ஒருவர், ‘அம்மான்னு மட்டும் கூப்பிடாதீங்க, அக்கான்னு சொல்லுங்க’ என்றார். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை விட்டதில்லை.

எங்கள் ஆட்களின் பாதுகாப்புக்காகச் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்தம், ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி, எலி, பூஞ்சை, கட்டிப்போடாத நாய் ஆகியவை அவை. அவை எப்படி வந்தன என்பது எங்களுக்கு வேண்டாம்.

ஒரே நாள்ல முடிச்சிர முடியாதா? போகிக்குள்ள முடிச்சுக் கொடுத்தா நல்லா இருக்கும்.

முதல் நாள் 2 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை. படுக்கையிலிருந்து கழிவறை வரை தடுக்காமல் நடக்க வழி, குடிநீர் இருக்கும் இடம், ஒரு அடுப்பு: இவை சரியானால் அன்றைக்குப் போதும். அதற்கு மேல் போனால் வீட்டுக்காரர் களைத்துப்போய், ‘எதையாவது செய்யுங்கள்’ என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லைச் சம்மதமாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

கூலியை மொத்தமாகப் பேசாமல் மணிக்கணக்கில் வாங்குவதும் இதனால்தான். மொத்தமாகப் பேசிவிட்டால், ஒரு ட்ரங்குப் பெட்டியின் முன் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து எங்கள் ஆட்களுக்கே பரபரப்பு வரும். போகி, நிச்சயதார்த்தம், சித்திரைத் திருவிழாவுக்கு வரும் விருந்தாளி என்று நாள் குறித்துக் கேட்பவர்களிடம், அந்த நாளுக்குள் முன்னறை மட்டும் தயாராகலாம் என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லாத்தையும் துடைச்சுப் பளபளன்னு ஆக்கிருவீங்கல்ல?

இல்லை. இதற்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். செல்லூரில் ஒரு வீட்டு அடுப்படிச் சுவரில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தது. நான்கு கோடு, அவற்றின் குறுக்கே ஒரு கோடு என வரிசை வரிசையாகப் போய், ஓரிடத்தில் மட்டும் ‘பெரியவ வந்தா, 1 லி’ என்று சாய்ந்த எழுத்து. எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து, சோப்புத் தண்ணீரால் அதை நான்தான் துடைத்தேன். மாலையில் வந்த மகள் சுவரின் முன் நெடுநேரம் நின்றார். இறந்துபோன அம்மாவின் கையெழுத்து அந்த வீட்டில் வேறெங்கும் இல்லையாம். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் ‘பெரியவ’ அவர்தான்.

கையெழுத்து, நிலைக்கதவில் பிள்ளையின் உயரம் குறித்த கோடு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டு, ஏதோ ஒரு தேதியோடு கிழிபடாமல் நிற்கும் தினசரிக் காலண்டர் ஆகியவற்றை இப்போது கேட்காமல் தொடுவதில்லை. சுற்றிலும் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். பார்க்கத் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

எங்கம்மா ஒரு டப்பாவைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டேங்குது. அது ஊருக்குப் போயிருக்கும்போது காலி பண்ணிரலாமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் தாயின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள், பல ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துச் சோர்ந்தவர்கள். ஆனாலும் அந்த வேலையை நாங்கள் ஏற்பதில்லை. திரும்பி வருபவர் காலி வீட்டைக் கண்டு நிம்மதி அடைவதில்லை; பிள்ளைகளையே நம்பாமல் போகிறார், கதவுக்குப் புதுப் பூட்டு வருகிறது, பொருள் முன்னைவிட வேகமாகச் சேர்கிறது. எதையும் விட முடியாமல் தவிப்பது சிகிச்சை தேவைப்படுகிற ஒன்று என்று மேலே சொன்னதுதான் காரணம்.

அவர் இருக்கும்போதே, அவர் கையாலேயே பிரிக்கிறோம். ‘வைத்துக்கொள்வது’, ‘கொடுத்துவிடுவது’, ‘பிறகு பார்ப்பது’ என மூன்று பாய்களை விரிப்போம். மூன்றாவது பாயில்தான் எப்போதும் குவியல் பெரிதாக இருக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. முதலில் பழைய செய்தித்தாள், காலிப் பால் பாக்கெட் போன்ற மனசு ஒட்டாத பொருள்கள். புகைப்படமும் கடிதமும் கடைசியில். கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னவைகூட அன்றே பழைய பேப்பர் கடைக்குப் போகாது. அடுத்த முறை நாங்கள் வரும்வரை மூட்டை வராந்தாவிலேயே இருக்கும். மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். செய்தித்தாள் கட்டுகளை ஒவ்வொரு தாளாகப் புரட்டாமல் கொடுப்பதில்லை, ஏனென்றால் பத்திரமும் பாஸ்புக்கும் ரூபாய் நோட்டும் அவற்றுக்குள்தான் இருக்கும்.

அழுகிய உணவு, வெடித்துப்போன கேஸ் குழாய், எலி கடித்த மின்கம்பி ஆகியவற்றுக்குக் காத்திருக்க முடியாது. அவற்றையும் சொல்லிவிட்டு, காட்டிவிட்டுத்தான் எடுக்கிறோம். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கினால் தூசியோடு கிருமியும் பறக்கும் என்பதால், கிருமிநாசினியால் நனைத்து, கையுறை போட்டுத் துணியால் வழித்தெடுக்க வேண்டும். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சலும் வருகிறது.

இறந்தவரோட துணிமணியப் பதினாறாம் நாளுக்குள்ள எடுத்துரணும்னு பெரியவங்க சொல்றாங்க. எடுத்துரலாமா?

இதில் முறை வீட்டுக்கு வீடு மாறும். அதில் நாங்கள் தலையிடுவதில்லை. மனைவியை இழந்தவருக்கோ பிள்ளையை இழந்தவருக்கோ அந்த முறை ஆறுதலாக இருந்தால் அப்படியே செய்யலாம். மற்றவர்களின் அவசரமாக மட்டும் இருந்தால், ஒரே ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கி, அதில் அவர் விரும்புவதை வைத்துப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுப்போம். பெரியவர்கள் பெரும்பாலும் அதற்கு இசைந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: ஆணியில் தொங்கும் கடைசிச் சட்டையை உதவியாக நினைத்துத் துவைத்துவிடாதீர்கள். அந்தச் சட்டையில் அவருடைய வேர்வை வாசனை இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டினால் அது கொஞ்ச காலம் நிற்கும். வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பினாயில், டெட்டால், சாம்பிராணி எல்லாம் போட்டாத்தானே சுத்தம் பண்ணின மாதிரி இருக்கும்?

மூக்கு மற்றப் புலன்களைப் போன்றதல்ல. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தாலமஸ் என்னும் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசனையோ அச்சத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு அநேகமாக நேரடியாகவே போய்விடுகிறது. நினைவு வருவதற்கு முன்பே உடம்பு நடுங்குவது அதனால்தான். 2021-இல் கொரோனா வார்டில் உறவினரைப் பறிகொடுத்த சிலருக்குப் பிளீச்சிங் பவுடர் வாசனை ஆகாது. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் தப்பிய ஒருவர் வீட்டில் தீக்குச்சி உரசும் வாசனையே போதுமானதாக இருந்தது. அங்கே சாம்பிராணி இல்லை, ஊதுவத்தி இல்லை, விளக்கேற்றுவதும் அவர் வெளியே போன பிறகுதான். பெரும்பாலான வீடுகளுக்கு வாசனையில்லாத சோப்புக் கரைசலும் வெந்நீரும் திறந்த சன்னலும் போதும். எதைப் பயன்படுத்தினாலும் முதலில் ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு, தள்ளி நின்று காட்டுகிறோம்.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆசிட் மொசைக் தரையையும் பழைய சிமெண்டுத் தரையையும் அரித்துவிடும். மதுரையின் பழைய வீடுகளில் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை.

எங்க வீட்டுல ஒருத்தர் தவறான முடிவு எடுத்துட்டாரு. அந்த ரூமை நாங்களே கழுவித்தான் ஆகணுமா?

கட்டாயம் இல்லை. அந்த அறையைக் கழுவிய காட்சி, வீட்டாருக்கு நடந்த துயரத்தின் மேல் இன்னொரு துயரமாகப் படிந்துவிடும். உறவில் சற்றுத் தள்ளியிருப்பவரோ எங்களைப் போன்றவர்களோ செய்யலாம். ஆனால் காவல்துறையின் அனுமதிக்கு முன் யாரும் எதையும் தொடக் கூடாது. இப்படிப்பட்ட மரணங்களில், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின்படி விசாரணை நடக்கும். மணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்திருந்தால் கோட்டாட்சியரும் விசாரிப்பார். சாட்சியத்தை மறைக்கும் நோக்கத்தோடு அழிப்பது குற்றம். மனசு தாங்காமல் கழுவியதும் அப்படிச் சந்தேகிக்கப்படலாம்.

இரத்தம் இருந்தால் கையுறை, முகக்கவசம், மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம். முதலில் பழந்துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்து, பிறகு 1 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலைக் குறைந்தது 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். துணியில் பட்டதைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். அறை முடிந்ததும் வீட்டாரை உள்ளே அழைத்துக் காட்டுவதில்லை. கதவைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். எப்போது திறப்பது என்பது அவர்கள் விருப்பம்.

இப்படி ஒருவரை இழந்த வீட்டில் மற்றவர்களும் உள்ளுக்குள் உடைந்துபோயிருப்பார்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரேனும் முயன்று பிழைத்திருந்தால், வழக்குக்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

சண்டையில எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டுப் போயிருக்காரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணித் தர முடியுமா?

சுத்தம் செய்வதற்கு முன் பாதுகாப்பு. பெண்களுக்கான 181 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். உடைந்த பொருளையும் உடம்பில் உள்ள காயத்தையும் படம் எடுத்து, நம்பகமான ஒருவரின் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கூட்டுங்கள். முன்பே கூட்டிவிட்டால் அது நடந்ததற்குச் சான்று இல்லாமல் போகும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. உடைத்துவிட்டுப் போனவர் எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் எங்கள் பெண்களை நான் அனுப்ப மாட்டேன். நீங்கள் அழைத்த எண்ணுக்கு நாங்களாகத் திருப்பி அழைப்பதும் இல்லை. யார் கையில் கைபேசி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்குத் தெரியாமச் செய்ய முடியுமா?

ஒரே குழாயடியைச் சுற்றி ஆறு வாசல் இருக்கும் காம்பவுண்டு வீடுகளில் முழுக்க மறைக்க முடியாது. சீருடை போடுவதில்லை, வண்டியில் பெயர் எழுதுவதில்லை, மூட்டைகளைச் சாதாரணத் துணிப்பையில் கொண்டுபோகிறோம். யாராவது கேட்டால் ‘வீட்டு வேலை’ என்பதே பதில். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று படம் எடுப்பது அறவே கிடையாது, முகம் தெரியாமல்கூட.

வேலைக்கு வர்றவங்க எந்த ஆளுகன்னு தெரிஞ்சுக்கலாமா? அப்படியே செப்டிக் டேங்கையும் பார்த்துருவாங்களா?

‘எந்த ஆளுக’ என்று சாதியைக் கேட்பதற்கு நான் பதில் சொல்வதில்லை. பூசையறைக்குள் யாரும் வர வேண்டாம் என்றால், யாருமே வர மாட்டோம். சிலர் வரலாம் சிலர் வரக் கூடாது என்றால் அந்த வேலையே வேண்டாம். துயரத்தில் இருக்கும் வீடு என்பதற்காக எங்கள் பெண்களின் மரியாதையை விட்டுக்கொடுக்க முடியாது. தனி டம்ளரில் டீ வந்தால் குடிக்காமல் வரலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது, கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அதற்குக் கழிவுநீர் உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும்.

நடுவுல அவங்க அழுக ஆரம்பிச்சா, மூச்சு வாங்க ஆரம்பிச்சா என்ன செய்வீங்க?

கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிற்போம். தொட்டு அணைப்பது நம் வழக்கம். ஆனால் இங்கே கேட்காமல் தொடுவதில்லை. கண் மட்டத்துக்குக் கீழே, சற்றுத் தள்ளி, வாசலை மறைக்காமல் உட்கார்ந்து, இன்று என்ன கிழமை, நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்பதை மெதுவாகச் சொல்வோம். பாதம் தரையில் அழுந்துவது தெரிகிறதா என்று கேட்பதும் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுப்பதும் பலருக்கு உதவுகின்றன. ‘அழாதீங்க’, ‘எல்லாம் விதி’ ஆகிய இரண்டையும் சொல்லக் கூடாது என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன். அன்றைய வேலை தொடருமா என்பதை அவரே சொல்வார். நெஞ்சுவலி என்றாலோ நினைவு தப்பினாலோ 108.

இவ்வளவும் செஞ்சும் மூணு மாசத்துல பழையபடி ஆயிருச்சு. காசு வீண்தானே?

பல வீடுகளில் அப்படி ஆகிறது. வீடு மறுபடி குவிவது பெரும்பாலும் இறந்தநாள், பண்டிகை, வழக்கு வாய்தா போன்ற ஏதோ ஒரு நாளை ஒட்டியே நடக்கிறது. அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே அழைக்கச் சொல்கிறோம். முழு வீட்டையும் காப்பாற்ற முயல்வதைவிட, முதல் நாள் சரிசெய்யும் நடைவழி, குடிநீர் இருக்கும் இடம், ஒரு அடுப்பு ஆகிய மூன்றை மட்டும் காப்பாற்றினால் போதும். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். உறக்கமும் பசியும் கெட்டுப்போன நிலை தொடர்ந்தால் சுத்தத்தை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்படி வீடுகளுக்கே போய்ப் போய் உங்க ஆளுகளுக்கு மனசு பாதிக்காதா?

பாதிக்கிறது. கடினமான வீட்டுக்கு இருவருக்குக் குறையாமல் போகிறோம். அடுத்த நாள் அவர்களுக்குச் சாதாரண வீடு. திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்காருவது கட்டாயம். பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. கணவனிடம் அடிபட்டு வந்தவர் ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். உயிர் போன அறைக்குக்கூட அவர் தயங்காமல் போவார். சண்டையில் எல்லாம் உடைக்கப்பட்ட வீட்டுக்கு மட்டும் தன்னை அனுப்ப வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.